மடைக்குள் கிணறு எங்கே?

பியூலா டீச்சர் வீட்டு வாசலில் ஒரு பலகை உண்டு. "திறந்த மூலப் பயிலகம். கட்டணம் இல்லை" என்று நீல எழுத்தில் எழுதியிருக்கும். ஒரு மென்பொருளை எழுதியவர் அதன் உள்ளெழுத்தை ஒளித்து வைக்காமல், யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தால் அதற்குத் திறந்த மூலம் என்று பெயர். இது தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்றவர்களுக்கு மூலம் என்றால் உட்காரவிடாத மூலம். அதற்குக் கட்டணமும் இல்லை என்றால் கேட்கவா வேண்டும்? அடிக்கடி யாராவது ஒருவர் மஞ்சள் பையோடு வந்து, வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்.

டீச்சர் யாரையும் விரட்டியதில்லை. ஒரு தம்ளர் மோர் கொடுத்து, வள்ளியூரில் எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புவார்.

"பலகையை மாத்திருங்க டீச்சர், மானம் போகுது" என்று தங்கப்பழம் அண்ணாச்சி பலமுறை சொல்லிவிட்டார்.

"யாரு மானம்?" என்று டீச்சர் கேட்பார். அதற்கு மேல் பேச்சு நகராது.

தங்கப்பழம் டீச்சருக்குத் தகப்பன் வயதுக்காரர். ஆனால் இங்கே மாணவர் அவர்தான். பலசரக்குக் கடையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, பேரன் பேத்தியைக் கொஞ்ச வேண்டிய வயதில் கணினி படிக்க வந்தவர். ஊர் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, படித்தார். படித்து ஒரு மென்பொருளும் எழுதினார். அதற்கு மடை என்று பெயர் வைத்தவர் டீச்சர். வெயிலையும் காற்றையும் பார்த்து, அவற்றிலிருந்து மின்சாரம் கிடைக்கிற நேரத்தில் தண்ணீர் மோட்டாரை ஓட்டும்; கிடைக்காத நேரத்தில் நிறுத்தும். கரண்டுக்காகக் காத்துக்கிடக்க வேண்டாம், டீசல் புகையைத் தின்ன வேண்டாம். அதைத் தங்கப்பழம் வலையில் எல்லாருக்கும் திறந்து வைத்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

இன்று மதியம் அதே முகம் வெந்த கத்தரிக்காயாக இருந்தது. வேட்டி மட்டும் சலவை கலையாமல் பளபளத்தது.

வாசலில் வழக்கம்போல ஒருவர் நின்றுகொண்டிருந்தார். களக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மந்திரமூர்த்தி. மோரைக் குடித்தாயிற்று, டாக்டர் பெயரையும் கேட்டாயிற்று, பஸ்ஸுக்குத்தான் நேரம் இருந்தது. "உக்காருங்களேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தங்கப்பழம் அவரைத் தாண்டி உள்ளே வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மடைய மூடிரவா?"

டீச்சர் கணினியிலிருந்து திரும்பினார். "என்ன ஆச்சு?"

ஆனதைத் தங்கப்பழம் கோர்வையாகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக அவர் கொட்டியதைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான். ஊருக்கு மேற்கே, பாட்டிலில் தண்ணீர் அடைத்து விற்கும் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. அவர்கள் வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகளை நிறுத்தி, ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இறக்கி, அதற்கு மடையை மாட்டியிருக்கிறார்கள். பொழுது விடிந்தால் ஓடும், பொழுது அடைந்தால் நிற்கும். அதற்காகக் கம்பெனிக்கு எங்கேயோ பசுமை விருதும் கொடுத்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான், ஆனாலும் தங்கப்பழத்தைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று.

கம்பெனி வேலியை ஒட்டி அவர் தங்கை சொர்ணத்தின் வாழைத்தோட்டம். புருஷன் போன பிறகு அவளுக்கு இருக்கிற ஒரே பிடிமானம். வாழை குலை தள்ளுகிற நேரம். பக்கத்தில் மோட்டார் ஓட ஓட, அவள் கிணறு வற்றிவிட்டது.

இன்று நாலு மணிக்குக் கம்பெனியில் இரண்டாவது ஆழ்துளைக் கிணறு திறப்பு விழா. சுவிட்சை அமுக்குவது தங்கப்பழம். கார் நேராக இங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும்.

"காலைல சொர்ணம் வீட்டுக்கு வந்தா டீச்சர். உள்ள வரல. முத்தத்துல நின்னே சொன்னா. 'அண்ணே, நீ திறந்து வெச்சது என் கெணத்த மூடிட்டு. சாயங்காலம் அந்தச் சுவிச்சுல கை வெச்சேன்னா, என் வாசப்படில கால் வைக்காத' அப்படின்னுட்டா."

ஒரே தங்கை. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் அவளைத் தாரைவார்த்துக் கொடுத்தவர்.

"ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க. மவன் சொல்லுதான், சும்மா குடுத்தா இப்படித்தான்பா, உரிமையப் பதிஞ்சு காசு வாங்கியிருக்கணும்னு. கம்பெனி எஞ்சினியரு சொல்லுதாரு, நீங்க பூமியக் காப்பாத்தியிருக்கீங்க சார்னு. நம்ம கூடப் படிச்ச பையன் ஒருத்தன் மெட்ராஸ்லருந்து எழுதுதான், அடுத்தவன் இதுக்குத்தான் பயன்படுத்தணும்னு கட்டுப்பாடு போட்டா அது திறந்த மூலமே இல்லயாம். எனக்குத் தலையும் வெளங்கல, வாலும் வெளங்கல. மூடிட்டா விட்டுது சனியன்னு தோணுது. நீங்க சொல்லுங்க. திறந்து வைக்கணுமா, மூடணுமா?"

டீச்சர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மூடிருங்க."

தங்கப்பழத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறிவை அடைத்து வைத்தால் அழுகிப்போகும் என்று சொல்லிச் சொல்லி, அவரைத் திறக்கவைத்ததே இந்த டீச்சர்தான். ஒரு வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் அவர் வந்திருந்தார். வாதாட ஆள் இல்லாமல் போனதும் வாதி எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"நெசமாவா?"

"கம்ப்யூட்டர் அங்கன இருக்கு."

அவர் உட்கார்ந்தார். வலையில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதை, யாரும் பார்க்க முடியாதபடி மாற்ற ஒரு பொத்தான்தான். அமுக்கினார். மடை மறைந்தது. சொந்தக் கடையின் ஷட்டரை மத்தியானத்தில் இழுத்து மூடியதுபோல நெஞ்சு கனத்தது.

"மூடியாச்சா?"

"ஆச்சு."

"சொர்ணக்காவுக்குப் போன் போடுங்க."

"எதுக்கு?"

"கெணத்துல தண்ணி வந்துட்டான்னு கேளுங்க."

அவர் டீச்சரை ஏறிட்டுப் பார்த்தார். கிண்டலா என்று தெரியவில்லை. டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை. போட்டார். காலையில் அவ்வளவு பேசியவள் எடுக்கமாட்டாள் என்று நினைத்தார். எடுத்தாள்.

"சொர்ணம், அண்ணன் பேசுதேன். கெணத்துல... தண்ணி ஏதும் வந்திருக்கா?"

அந்தப் பக்கம் மோட்டார் இரைகிற சத்தம் கேட்டது.

"மோட்டாரு வெறுங்காத்த இழுக்கு. குழா அடிமுனை வெளிய தெரியுது. வேடிக்க பாக்கணும்னா வந்து பாரு. விழா முடிஞ்ச பொறவு வராத." வைத்துவிட்டாள்.

தங்கப்பழம் போனை மடியில் கவிழ்த்தார். "வரல டீச்சர்."

"அப்ப திறந்துருங்க."

"நீங்கதான மூடச் சொன்னிய?"

"ஆமா."

அவர் மறுபடியும் அமுக்கினார். மடை திறந்துகொண்டது. டீச்சர் போனைக் காட்டினார். தங்கப்பழம் கும்பிட்டார். "வேண்டாம் தாயி. அவகிட்ட இன்னொருக்க என்னால கேக்க முடியாது. வந்திருக்காது."

"வந்திருக்காது" என்று டீச்சரும் ஒத்துக்கொண்டார்.

தங்கப்பழத்துக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே பொட்டல் முழுக்கக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அப்ப மூலத்துமேல தப்பில்ல. வெயிலுமேலதான் தப்பு" என்றார் ஜன்னலைப் பார்த்தே.

"எப்படி?"

"டீசல் மோட்டாருன்னா காசுக்குப் பயந்தாவது நிறுத்துவான். வெயிலு ஓசிதான? நிறுத்த என்ன பயம்? பாருங்க, டீசலே தேவலாம்போல."

"அப்ப கம்பெனிக்காரங்கள டீசல் வாங்கச் சொல்லுவமா?"

"வேண்டாம், வேண்டாம். புகை எவன் குடிக்கது?"

"பொறவு?"

"அதான டீச்சர் உங்ககிட்ட கேக்கேன்!"

கத்திவிட்டார். கத்திய பிறகுதான் மந்திரமூர்த்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்று, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. தங்கப்பழத்துக்கு வெட்கமாகிவிட்டது.

டீச்சர் அவரையும் பார்த்தார், வாசலில் நிற்பவரையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இவருக்கு மடைய வாசிச்சுக் காட்டுங்க."

"இவருக்கா?"

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. சும்மாதான நிக்காரு."

"நிக்கத்தான் தாயி முடியும்" என்றார் மந்திரமூர்த்தி.

எரிகிற வீட்டில் கதை கேட்கிற ஆளைப் பார் என்று தங்கப்பழம் மனசுக்குள் முணுமுணுத்தார். ஆனாலும் டீச்சர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. திரையில் மடையின் உள்ளெழுத்தை விரித்தார். ஆங்கிலமும் குறிகளுமாக இருந்ததை, வந்தவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார்.

"இதுதான் அண்ணாச்சி மூலம். தண்ணி எறைக்க மோட்டார ஓட்டுதது."

"இதுவா?" மந்திரமூர்த்தி திரையை நம்பிக்கையில்லாமல் பார்த்தார். "சரி, சொல்லுங்க."

"வெயில் உண்டா பாரு. உண்டுன்னா மோட்டார ஓட்டு."

"சரி."

"வெயில் இல்லன்னா காத்து உண்டா பாரு. உண்டுன்னா ஓட்டு."

"சரி."

"ரெண்டும் இல்லன்னா பேட்டரில பாதிக்கு மேல இருக்கா பாரு. இருந்தா ஓட்டு."

"சரி."

"மூணும் இல்லன்னா நிறுத்து. கொஞ்ச நேரம் பொறு. பொறவு மறுபடியும் மேலருந்து பாரு."

சொல்லச் சொல்லத் தங்கப்பழத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறோம் என்று அந்த நிலையிலும் ஒரு பெருமிதம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

"சரி. பொறவு?" என்றார் மந்திரமூர்த்தி.

"அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கணக்கு."

"கெணறு எங்கன வருது?"

"என்னது?"

"தண்ணி எறைக்க மோட்டாருன்னியளே, அதான் கெணறு எங்கன வருதுன்னு கேட்டேன். நான்தான் விட்டுட்டனோ என்னமோ. இருக்க வலில காதும் சரியா கேக்க மாட்டேங்கு."

"அது வரும்" என்றார் தங்கப்பழம்.

திரையை மேலே தள்ளினார். வெயில் இருந்தது, காற்று இருந்தது. கீழே தள்ளினார். பேட்டரி இருந்தது. கணக்குப் பகுதியைத் திறந்து பார்த்தார். அதில் மேகம்கூட இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். கிணறு என்று ஒரு சொல் மடையில் எங்கேயும் இல்லை.

தண்ணீர் என்றும் இல்லை.

எப்படி இருக்கும்? தன் வீட்டுத் தொட்டியை வைத்துத்தான் அவர் அதை எழுதிப் பழகினார். தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருந்தது. கிணற்றைப் பற்றி நினைக்க அங்கே என்ன இருக்கிறது? ஆனால் காலமெல்லாம் கடை நடத்தியவர் அவர். இருப்பைப் பார்க்காமல் ஒரு படி உளுந்து விற்றதில்லை. வாடிக்கைக்காரன் கையில் பணத்தோடு வந்து நின்றாலும், முதலில் மூட்டையைத்தான் எட்டிப் பார்ப்பார். அந்தத் தங்கப்பழம் மடை எழுதும்போது எங்கே போயிருந்தான் என்று அவருக்கு விளங்கவே இல்லை. காது மடலெல்லாம் சுட்டது.

"நீங்க இத வாசிச்சியள்லா டீச்சர்?" என்றார், மெதுவாக.

"வாசிச்சேன்."

"உங்களுக்குத் தட்டுப்படலயா?"

"வெயிலு, காத்து, பேட்டரின்னு நல்லா இருந்துது. நானும் மேலதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

டீச்சர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். தங்கப்பழத்துக்குத்தான் அது தாங்கவில்லை. டீச்சருக்கே தெரியவில்லை என்றால் யாரை நம்புவது?

"ஊரு உலகத்துக்கே திறந்து வெச்சிருந்தேனே! எத்தன பேரு எடுத்துட்டுப் போனான்! ஒருத்தனாவது கெணறு எங்கடான்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"எடுத்தாங்க. வாசிச்சது யாரு?"

தங்கப்பழம் விசைப்பலகையை இழுத்தார். கொஞ்ச நேரம் தட்டினார். அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். வாசலில் நின்றவரிடம் உரக்கச் சொன்னார்.

"இப்பக் கேளுங்க அண்ணாச்சி. மொதல்ல கெணத்தப் பாரு. தண்ணி இறங்கிட்டுன்னா, வெயில் இருந்தாலும் நிறுத்து."

"ஆங்" என்றார் மந்திரமூர்த்தி. "இது சரி."

தங்கப்பழத்தின் முகம் தெளிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

"டீச்சர்... கம்பெனிக்காரன் புதுச எடுத்துப் போடுவானா?"

"நீங்க அவரு எடத்துல இருந்தா போடுவியளா?"

வியாபாரியிடம் கேட்கக்கூடாத கேள்வி. பொய் சொல்லத் தோன்றியது. டீச்சரிடம் முடியவில்லை.

"மாட்டேன். பழசு நல்லாத்தான ஓடுது."

"அதான்."

"அப்ப இதத் திருத்தி என்ன பிரயோசனம்? சொர்ணத்துக்கு என்ன வந்துது?"

தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. வெள்ளைக் கார் பலகைக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, பலகையைப் படித்துவிட்டு, பரிதாபமாகத் தங்கப்பழத்தைப் பார்த்தான்.

தங்கப்பழம் எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார்.

"போகவா, வேண்டாமா டீச்சர்?"

"போங்க."

"போனா சுவிச்ச அமுக்கணும்."

டீச்சர் மந்திரமூர்த்தி கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கழுவ வைத்தார்.

"போகாட்டா வேற எவனாவது அமுக்குவான்" என்றார் தங்கப்பழம். "மோட்டாரு எப்படியும் ஓடும். போனா தங்கச்சி இல்ல. மூடினாலும் ஒண்ணுமில்லங்கிய, திறந்தாலும் ஒண்ணுமில்லங்கிய, திருத்தினாலும் எவனும் எடுக்க மாட்டான். படிக்க வந்த அன்னைக்கு எனக்கு ஏதோ கொஞ்சம் தெரிஞ்சிருந்துது. இப்ப அதுவும் இல்ல. நான் என்னதான் செய்ய?"

கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை மறைக்க அவர் குனிந்து செருப்பைத் தேடினார். டீச்சர் வாசல் வரைக்கும் வந்தார்.

"விழாவுக்கு ஊர்ச்சனம் வருமா?"

"வராம? சாப்பாடு போடுதான்லா. சுத்துவட்டத் தோட்டக்காரன் அத்தன பேரும் வருவான்."

"அவங்க கெணறெல்லாம் எப்படி?"

"ஒவ்வொண்ணா இறங்குது. மழை இல்லாததாலன்னு நெனச்சுக்கிட்டிருக்கானுவ."

டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தான். தங்கப்பழம் இடது செருப்பை வலது காலில் மாட்டப் பார்த்து, கழற்றி, சரியாக மாட்டிக்கொண்டார். படியில் இறங்கியவரை டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி."

திரும்பினார். டீச்சர் மந்திரமூர்த்தியைக் கண்ணால் காட்டினார்.

"சுவிச்ச அமுக்கச் சொல்லுததுக்கு முன்ன, கையில மைக்கு குடுப்பாங்கல்லா?"